ஹெர்பிஸ் வைரஸ் புகுந்தால் இரத்தக்குழாயின் உட்சுவர் என்ன ஆகிறது? செல் வளர்ப்பில் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் தடவை இந்தச் சோதனையைச் செய்தபோது எதுவுமே நடக்கவில்லை. வைரஸை ஊற்றினேன், ஒரு நாள் காத்திருந்தேன், நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். செல்கள் முந்தைய நாளைவிடச் செழிப்பாக இருந்தன. வைரஸ் செத்துவிட்டது போலும் என்று வேறொரு குப்பியை உருக்கினேன். அதுவும் பலிக்கவில்லை. காரணம் பிடிபட மூன்று வாரம் ஆயிற்று: வளர்ப்பு ஊடகத்தில் நானே சேர்த்திருந்த ஹெபாரின்.

ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ் வைரஸ் செல்லின் மேல் முதலில் பற்றிக்கொள்வது ஹெபாரன் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலியை. ஹெபாரின் அதன் உடன்பிறப்பு. ஊடகத்தில் ஹெபாரின் மிதந்தால் வைரஸ் அதைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். இரத்தக்குழாயின் உட்சுவரைப் பாவியிருக்கும் உட்படலச் செல்களோ வளர்வதற்கு ஹெபாரின் கேட்பவை. வேறு செல்களில் வைரஸ் வேலை செய்து பழகியவர்கள் இந்தச் செல்லுக்கு வரும்போது முதலில் விழும் குழி இதுதான். வழிகாட்டியில் இப்படிப்பட்ட குழிகளைத்தான் அதிகம் சொல்லப் போகிறேன். மற்றவை எந்தச் செய்முறைக் கையேட்டிலும் கிடைக்கும்.

எதைத் தேடுகிறோம்

இரத்தக்குழாயின் உட்சுவர் ஒற்றைச் செல் தடிமனுள்ள படலம். நலமாக இருக்கும்வரை தாமரை இலையும் தண்ணீரும்தான்: இரத்தம் அதன்மேல் ஓடும், ஒட்டாது. சும்மா இருப்பதால் அப்படி இருப்பதில்லை. இரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பினைப் பிடித்து அதன் குணத்தையே மாற்றும் த்ராம்போமாடுலின், தட்டணுக்களை விலக்கும் புராஸ்டாசைக்ளின் என்று அந்தச் செல் ஓயாமல் பாடுபடுவதால்தான் இரத்தம் உறையாமல் இருக்கிறது. ஹெர்பிஸ் தொற்று ஏறிய சில மணி நேரத்தில் இந்த உழைப்பு நின்று, எதிர்த்திசையில் ஓடத் தொடங்குகிறது. செல் சாவதற்கு முன்பே அது கட்சி மாறிவிடுகிறது. அந்த இடைவேளையைப் பிடிப்பதே நம் வேலை. மறுநாள் காலை வந்து செத்த செல்களைப் படமெடுப்பவர்கள் பார்க்க வேண்டியதைத் தவறவிட்டவர்கள்.

இந்தக் கேள்வி கோழியிலிருந்து வந்தது. கோழிகளுக்கு வரும் மாரெக் நோய் ஒரு ஹெர்பிஸ் வைரஸின் வேலை. 1978-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கேத்தரின் ஃபேப்ரிகன்ட் குழுவினர், அந்த வைரஸ் ஏற்றப்பட்ட கோழிகளின் தமனிகளில், சாதாரணத் தீவனம் தின்றவற்றிலும்கூட, மனிதத் தமனித் தடிப்பைப் போன்ற கொழுப்புப் புண்களைக் காட்டினார்கள். மனிதர்களில் மாரடைப்புக்கு ஹெர்பிஸ்தான் காரணம் என்று அதிலிருந்து யாரும் நிறுவிவிடவில்லை. அப்படி எழுதும் கட்டுரைகளை நம்ப வேண்டாம். ஆனால் 1980-களில் அமெரிக்க ஆய்வகங்கள் பல மனித உட்படலச் செல்களில் ஹெர்பிஸை ஏற்றிப் பார்க்கக் கோழி ஒரு தூண்டுதலாக அமைந்தது.

படி 1: அனுமதி, பாதுகாப்பு

தொப்புள்கொடி வேண்டுமென்றால் நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதியும் தாயின் எழுத்துபூர்வ ஒப்புதலும் வேண்டும். வைரஸுக்கு உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி தனி. ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ் இரண்டாம் நிலைப் பாதுகாப்பில் கையாள வேண்டியது. திறந்த மேசையில் அல்லாமல், இரண்டாம் வகை உயிரிப் பாதுகாப்புப் பெட்டிக்குள் வேலை செய்யுங்கள். உதட்டோரப் புண் தரும் வைரஸ்தானே என்று அலட்சியம் வேண்டாம். அது கண்ணில் தெறித்தால் கருவிழியைப் புண்ணாக்கும், ஊசி குத்தினால் விரல் நுனியில் கொப்புளமாகும். கண்ணாடி உறிஞ்சுகுழாயும் ஊசியும் இந்த வேலைக்கு வேண்டாம். கொழுப்பு உறை போர்த்திய வைரஸ் என்பதால் 70 சதவீத ஆல்கஹாலுக்கும் ஹைப்போகுளோரைட்டுக்கும் எளிதில் மடியும் என்பது ஆறுதல். கொடி வேறொருவரின் இரத்தம் படிந்த பொருள் என்பதையும் மறக்காதீர்கள்.

படி 2: செல்களைப் பிரித்தெடுத்தல்

தொப்புள்கொடியில் இரண்டு தமனிகளும் ஒரு சிரையும் உண்டு. சிரைதான் அகலமானது, சுவர் தளர்ந்தது. 1973-இல் எரிக் ஜாஃபியும் உடனிருந்தவர்களும் அந்தச் சிரையைக் கொலாஜனேஸ் நொதியால் நிரப்பி, உட்படலத்தை மட்டும் உரித்தெடுத்து வளர்த்துக் காட்டினார்கள். இன்றும் முறை அதுதான். ஹியூவெக் என்ற ஆங்கிலச் சுருக்கத்தால் அழைக்கப்படும் செல்கள் இவையே.

குறைந்தது 20 சென்டிமீட்டர் நீளக் கொடி வேண்டும். கிடுக்கி நசுக்கிய இடங்களை வெட்டி எறியுங்கள். 4 டிகிரியில் உப்புக் கரைசலில் வைத்து ஒரு நாளுக்குள் பயன்படுத்துவது நல்லது. சிரைக்குள் மழுங்கிய ஊசியைச் செருகிக் கட்டி, உள்ளே தேங்கிய இரத்தம் போகும்வரை கழுவி, 0.1 சதவீதக் கொலாஜனேஸை நிரப்பி 37 டிகிரியில் 10 நிமிடம் வையுங்கள். நேரத்தைக் கூட்டினால் செல் அதிகம் கிடைக்கும் என்று தோன்றும். கிடைப்பது அடியிலிருக்கும் தசைச் செல்களும் நார்ச்செல்களும்தான், அவை சில நாளில் உட்படலச் செல்களை மூழ்கடித்துவிடும். கொடியை மெல்ல உருவிவிட்டு, கரைசலை வடித்து, சுழற்றிப் படியவைத்து, ஜெலட்டின் பூசிய குடுவையில் விதையுங்கள்.

ஊடகம்: எம்199, அதில் 20 சதவீதக் கன்றுக்கரு சீரம், உட்படல வளர்ச்சிக் காரணி, மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் அளவில் ஹெபாரின். பழைய செய்முறைகள் சிலவற்றில் மனிதச் சீரம் என்று இருக்கும். அதைத் தொடாதீர்கள். உலகில் 50 வயதுக்கு உட்பட்டோரில் ஏறத்தாழ மூவரில் இருவர் இந்த வைரஸைச் சுமப்பவர்கள். அவர்களின் சீரத்தில் எதிர்ப்பொருள் இருக்கும், உங்கள் வைரஸ் ஊற்றிய கணமே முடங்கும்.

செல்கள் நெருங்கி நிறைந்ததும் கூழாங்கல் பாவிய தரைபோல் தெரிய வேண்டும். நீண்டு மெலிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் நார்ச்செல் கலப்பு. கண்ணை மட்டும் நம்பாமல் சி.டி.31, வான் வில்பிரான்ட் காரணி ஆகிய இரண்டு அடையாளப் புரதங்களுக்கும் சாயமிட்டு உறுதிசெய்யுங்கள். வான் வில்பிரான்ட் காரணி சிறு குச்சிகளாகச் செல்லுக்குள் சிதறிக் கிடக்கும்; 1964-இல் வைபலும் பலாடேயும் கண்ட அந்தக் குச்சிகளே உட்படலச் செல்லின் கைரேகை. குடுவை நிறைந்ததும் செல்களைப் பெயர்த்துப் புதுக் குடுவையில் விதைப்பது ஒரு தலைமுறை; இரண்டாம் தலைமுறையிலிருந்து ஐந்தாம் தலைமுறை வரை மட்டும் சோதனைக்கு எடுங்கள், அதற்குமேல் செல்கள் கிழடு தட்டி அகன்றுவிடும். செல் வளர்ப்பில் தெரியாமல் குடியேறும் நுண்ணிய பாக்டீரியாவான மைக்கோபிளாஸ்மாவுக்கான சோதனை கட்டாயம்.

படி 3: வைரஸ் இருப்பு

கே.ஓ.எஸ்., எஃப், 17 என்ற பெயர்களில் வழங்கும் ஆய்வக இனங்களில் ஒன்று போதும். ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து 1962-இல் ஜப்பானில் உருவாக்கப்பட்ட வீரோ செல்களில் பெருக்குங்கள். நூறு செல்லுக்கு ஒரு வைரஸ் என்ற சிறு அளவில் தொடங்க வேண்டும். ஒரேயடியாகக் கொட்டிப் பெருக்கினால் குறைமரபணுத் துகள்கள் சேரும். செல்கள் எல்லாம் உருண்டதும் அறுவடை செய்து, சிறு குப்பிகளில் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒரு குப்பி, ஒரு முறை. உருக்கி மறுபடி உறையவைத்த குப்பியின் வீரியம் குறைந்திருக்கும், எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாது.

வீரியத்தை அளப்பது பிளேக் எண்ணிக்கையால். வைரஸைப் பத்துப் பத்து மடங்காக நீர்த்து வீரோ படலத்தில் ஏற்றி, மேலே மெத்தில்செல்லுலோஸ் கூழை ஊற்றி, மூன்று நாள் கழித்துக் கிரிஸ்டல் வயலெட் சாயமிட்டால், ஊதாத் தரையில் வெள்ளை ஓட்டைகள் தெரியும். ஓர் ஓட்டை ஒரு வைரஸின் வம்சம். ஒரு லட்சம் மடங்கு நீர்த்ததில் 0.2 மில்லிலிட்டர் ஊற்றி 45 ஓட்டை எண்ணினால், மில்லிலிட்டருக்கு 225 லட்சம், அதாவது 2.25 கோடி.

படி 4: தொற்று ஏற்றுதல்

24 குழித் தட்டில் ஒரு குழிக்குச் சுமார் ஒரு லட்சம் செல் நிறையும். ஊகிக்காமல் ஒரு குழியைப் பெயர்த்து எண்ணுங்கள். செல்லுக்கு ஐந்து வைரஸ் என்றால் குழிக்கு ஐந்து லட்சம். மேற்சொன்ன இருப்பில் அது 22 மைக்ரோலிட்டர். ஏன் ஐந்து? வைரஸ்கள் செல்களின்மேல் சமமாகப் பங்கிட்டு விழுவதில்லை, மழைத்துளிபோல் விழுகின்றன. செல்லுக்கு ஒன்று என்ற கணக்கில் ஊற்றினால் 63 சதவீதச் செல்களுக்குத்தான் வைரஸ் வாய்க்கும். மூன்று என்றால் 95, ஐந்து என்றால் 99 சதவீதம். எல்லாச் செல்களும் ஒரே நேரத்தில் மாறுவதைப் பார்க்க வேண்டுமானால் ஐந்து வேண்டும். தொற்று அண்டைச் செல்லுக்குப் பரவுவதைப் பார்க்க 0.01 போதும். இரண்டையும் ஒரே சோதனையில் கலந்தால் குழப்பமே மிஞ்சும்.

இனி அந்த ஹெபாரின். தொற்றுக்கு முன் ஊடகத்தை எடுத்துவிட்டு, ஹெபாரின் இல்லாத ஊடகத்தால் இரண்டு முறை அலம்புங்கள். வைரஸை 100 மைக்ரோலிட்டரில், 1 சதவீதச் சீரத்துடன் ஊற்றி, 37 டிகிரியில் ஒரு மணி நேரம், பத்து நிமிடத்துக்கொருமுறை தட்டைச் சாய்த்துக் கொடுங்கள். படலம் காயக் கூடாது. பிறகு வைரஸை உறிஞ்சி எடுத்து, அலம்பி, ஹெபாரின் இல்லாத ஊடகத்தையே ஊற்றுங்கள். ஒரு நாள் அதில்லாமல் செல்கள் தாங்கும். பின்னால் செய்யப்போகும் உறைதல் சோதனைகளையும் ஹெபாரின் கெடுக்கும் என்பதால் அதைத் தள்ளிவைப்பதில் இரட்டை லாபம்.

படி 5: ஒப்பீட்டுக் குழிகள்

சோதனையின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. வைரஸ் இருப்பு என்பது வெறும் வைரஸ் அன்று. செத்த வீரோ செல்களின் கழிவும் அதில் இருக்கிறது. பாக்டீரியாவின் எண்டோடாக்சின் துளியளவு கலந்திருந்தாலும், அது ஒன்றே உட்படலச் செல்லை உறைதல் பக்கம் தள்ளிவிடும். ஆகவே தொற்றில்லாத வீரோ செல்களை அதேபோல் உருக்கி எடுத்த சாறு ஒரு குழிக்கு, புற ஊதா ஒளியில் முடக்கிய அதே வைரஸ் ஒரு குழிக்கு, 0.1 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வைரஸை நிறுத்திவிட்டு வந்த நீர் ஒரு குழிக்கு. புற ஊதாவில் முடங்கிய வைரஸ் செல்லுக்குள் நுழையும், ஆனால் தன் மரபணுக்களைப் பேசவைக்க முடியாது. மாற்றம் அதிலும் தெரிந்தால் காரணம் நுழைவிலோ, வைரஸ் சுமந்துவந்த புரதத்திலோ இருக்கிறது.

எனக்குப் பிடித்த குழி அசைக்ளோவிர் ஊற்றியது. 50 மைக்ரோமோலார் போதும். வைரஸின் சொந்தத் தைமிடின் கைனேஸ்தான் அந்த மருந்தை உயிர்ப்பிக்கிறது. உயிர்பெற்ற மருந்து வைரஸ் டி.என்.ஏ. பெருகுவதைத் தடுக்கிறது. உடனடி மரபணுக்களும் முந்து மரபணுக்களும் ஓடும், பிந்து மரபணுக்கள் அடங்கும். எந்த மாற்றம் அசைக்ளோவிரிலும் நிற்காமல் நடக்கிறதோ, அது தொற்றின் முற்பகுதியின் வேலை. ஒரே மருந்தால் காலவரிசையை இரண்டாக வெட்டிவிடலாம்.

படி 6: கண்ணால் பார்ப்பது

4, 8, 12, 18, 24 மணிகளில் படமெடுங்கள், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில். நான்காவது மணியில் எதுவும் தெரியாது. எட்டுக்குமேல் செல்களின் ஓரங்கள் சுருங்கி, கூழாங்கற்களுக்கிடையே கோடுகள் அகலும். பிறகு செல்கள் உருண்டு, ஒளியில் மின்னி, கொத்துக்கொத்தாகப் பெயரும். சில இனங்களில் பல செல்கள் கூடி ஒரே பெருஞ்செல்லாகவும் ஆகும். செல்களைத் தைத்துவைக்கும் விஇ-காட்ஹெரின் புரதத்துக்குச் சாயமிட்டால், கண்ணுக்கு இடைவெளி தெரியும் முன்பே தையல் விட்டுப்போவதைப் பார்க்கலாம். ஒளிரும் டெக்ஸ்ட்ரான் படலத்தைத் தாண்டிக் கசியும் அளவை அதனுடன் சேர்த்து அளங்கள்.

சாயமிடும்போது ஒரு பொறி காத்திருக்கிறது. தொற்றிய செல் தன் மேற்பரப்பில் ஜி.இ., ஜி.ஐ. என்ற இரண்டு வைரஸ் புரதங்களை நிறுத்துகிறது. இரண்டும் சேர்ந்து எதிர்ப்பொருளின் வால் பகுதியைப் பிடிக்கும் ஏற்பியாகும். மனித எதிர்ப்பொருளையும் முயல் எதிர்ப்பொருளையும் அது பிடிக்கும், எலியினுடையதைப் பிடிப்பதில்லை. நீங்கள் எந்தப் புரதத்துக்கு எதிராக முயல் எதிர்ப்பொருள் போட்டாலும் தொற்றிய செல்கள் பளிச்சென்று ஒளிரும். புதுக் கண்டுபிடிப்பு என்று துள்ளிக் குதிப்பீர்கள். எலியின் ஒற்றைவகை எதிர்ப்பொருளையோ, வால் நறுக்கிய துண்டையோ பயன்படுத்துங்கள்.

படி 7: கட்சி மாறியதை அளப்பது

அந்தப் பொறியே ஒரு சோதனையும்கூட. எதிர்ப்பொருள் பூசிய ஆட்டுச் சிவப்பணுக்களைத் தொற்றிய படலத்தின்மேல் தூவினால் அவை செல்லைச் சுற்றிப் பூவிதழ்போல் ஒட்டிக்கொள்ளும். நலமான செல்லில் ஒட்டாது. 1982-இல் பென்சில்வேனியாவில் டக்ளஸ் சைன்ஸ் குழுவினர் தொற்றிய உட்படலச் செல்களில் இந்த ஏற்பியையும், நோய் எதிர்ப்பில் எதிர்ப்பொருளுக்குத் துணைநிற்கும் நிரப்புப் புரதமான சி3பியைப் பிடிக்கும் ஏற்பியையும் காட்டினார்கள். பிந்தையது ஜி.சி. என்ற வைரஸ் புரதம் என்பது 1984-இல் தெரிந்தது. நுண்ணோக்கி ஒன்று இருந்தால் போதும், கல்லூரி ஆய்வகத்திலும் செய்யலாம் என்பதால் இந்தப் பழைய சோதனையை மாணவர்களுக்கு நான் விடாமல் பரிந்துரைக்கிறேன்.

ஒட்டுதலுக்கு, ஒளிரும் சாயமேற்றிய யூ937 அல்லது டி.எச்.பி-1 என்ற வெள்ளையணு வகைச் செல்களைப் படலத்தின்மேல் 30 நிமிடம் விட்டு, அலம்பி, தங்கியவற்றை எண்ணுங்கள். அலம்பும் விசை கைக்குக் கை மாறும். தட்டை முழுக்க நிரப்பி மூடி, தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் எல்லாக் குழிக்கும் விசை ஒன்றே.

உறைதலுக்கு இரண்டு அளவீடு. தொற்றிய செல்களைச் சுரண்டி எடுத்து, பிளாஸ்மாவும் கால்சியமும் சேர்த்து, உறையும் நேரத்தை விநாடியில் எண்ணுங்கள். நேரம் குறைந்தால், உறைதலைத் தொடங்கிவைக்கும் புரதமான திசுக் காரணி ஏறியிருக்கிறது. திசுக் காரணி வேலை செய்யத் தேவையான காரணி ஏழு இல்லாத பிளாஸ்மாவில் அந்த வேகம் காணாமல்போனால்தான் அது உறுதி. மறுபுறம், த்ராம்போமாடுலின் பிடித்த த்ராம்பின்தான் உறைதலை அடக்கும் புரதம் சி-யை உயிர்ப்பிக்கிறது; ஆகவே த்ராம்பினையும் புரதம் சி-யையும் படலத்தின்மேல் ஊற்றி, உயிர்பெற்ற புரதம் சி-யை நிறம் மாறும் வினைப்பொருளால் அளந்தால், த்ராம்போமாடுலின் எவ்வளவு மிச்சம் என்று தெரியும். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1988-இலும் 1990-இலும் வெளியான வேலைகள் இந்த வரிசைதான்: தொற்றிய படலத்தில் த்ராம்பின் கூடுதலாக உருவாகிறது, தட்டணுக்கள் ஒட்டுகின்றன, திசுக் காரணி ஏறுகிறது, த்ராம்போமாடுலின் இறங்குகிறது. செல் உருளுவதற்கு வெகு முன்பே இவை தொடங்கிவிடுகின்றன.

ஒவ்வொரு நேரப்புள்ளியிலும் உயிருள்ள செல் எத்தனை என்று டிரைப்பான் நீலத்தால் எண்ணிவிடுங்கள். செத்த செல்லின் கிழிந்த சவ்வும் உறைதலைத் தூண்டும். அந்த எண் இல்லாவிட்டால் நீங்கள் அளந்தது மாற்றத்தையா சாவையா என்று சொல்ல முடியாது.

படி 8: ஆர்.என்.ஏ. அளவிடும்போது

வைரஸ் உறைக்கடியில் யூ.எல்.41 என்ற மரபணுவின் புரதத்தைச் சுமந்து வருகிறது. நுழைந்ததும் அது செல்லின் தூது ஆர்.என்.ஏ.க்களை வெட்டித்தள்ளும். ஒப்பீட்டுக்கு எல்லோரும் பயன்படுத்தும் ஜி.ஏ.பி.டி.எச்., ஆக்டின் ஆகியவையும் தப்பாது. அளவுகோலே தேய்ந்துகொண்டிருக்கும்போது மற்றவை வளர்ந்ததுபோல் தோன்றும். ரைபோசோமின் 18எஸ் ஆர்.என்.ஏ.வை அளவுகோலாக வையுங்கள். குழிக்கு இத்தனை செல் என்ற கணக்கையும் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.என்.ஏ. வெட்டப்பட்டாலும் பழைய புரதம் சில மணி நேரம் நிற்கும் என்பதால், எந்த முடிவையும் புரத அளவீடு இல்லாமல் எழுத வேண்டாம்.

எண்ணிக்கை பற்றி ஒரு சொல். ஒரே கொடியிலிருந்து வந்த மூன்று குழிகள் மூன்று சோதனைகள் ஆகா. அது ஒரே ஆளிடம் மூன்று முறை கேட்பது. குறைந்தது மூன்று கொடிகள், மூன்று வெவ்வேறு நாட்கள்.

உறவுக்கார வைரஸ்களுக்குப் போகிறவர்களுக்கு

சைட்டோமெகலோ வைரஸ் நிதானமானது; மணியில் கணக்கிடாமல் நாளில் கணக்கிடுங்கள். செல்கள் ஊதிப் பெருத்து, கரு ஆந்தைக்கண் போலாகும். ஏடி169, டவுன் என்ற பழைய இனங்களை வாங்கி ஏமாறாதீர்கள். நார்ச்செல்களில் நெடுங்காலம் வளர்ந்ததில், உட்படலச் செல்லுக்குள் நுழையத் தேவையான ஐம்புரதக் கூட்டை அவை முழுதாகக் கட்டும் திறனை இழந்துவிட்டன. டிபி40/ஈ போன்ற, அந்தக் கூட்டை இழக்காத இனம் வேண்டும்.

1994-இல் சாங்கும் மூரும் கண்டுபிடித்த கபோசி சார்கோமா ஹெர்பிஸ் வைரஸின் பாணியே வேறு. கொல்லாமல் குடியிருக்கும். கூழாங்கல் வடிவச் செல்கள் நூற்கும் கதிர்போல் நீண்டுவிடும். இரத்தக்குழாய்ச் செல்லுக்குள் அது புகுந்தால், பிராக்ஸ்1 மரபணு விழித்து, செல் நிணக்குழாய்ச் செல்லின் சாயலைப் பெறுகிறது என்று 2004-இல் இரண்டு குழுக்கள் காட்டின.

சின்னம்மை தந்து, பிறகு நரம்பில் ஒளிந்து, வயதான காலத்தில் அக்கியாக வரும் வைரஸும் இந்தக் குடும்பமே. அக்கி எழுதக் குயவரிடம் போன தலைமுறைக்கு, அதே வைரஸ் சிலரில் மூளைத் தமனிகளுக்குள்ளும் போகும் என்பது தெரிந்திருக்க வழியில்லை. அதைச் செல் வளர்ப்பில் ஏற்றுவது கடினம். செல்லோடு ஒட்டியே இருக்கும், ஊடகத்தில் தனியாக மிதந்து கிடைப்பது அரிது. தொற்றிய செல்களையே புதுச் செல்களின்மேல் தூவித்தான் கடத்த வேண்டும். அப்போது ஒப்பீட்டுக் குழியிலும் தொற்றில்லாத அதே வகைச் செல்களை, அதே எண்ணிக்கையில் தூவுங்கள்.